நெயில் பாலிஷ் ஸ்டிரிப் மூன்றாம் நாளே ஓரம் எழும்புவது ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "தை மாதம் காவேரிப்பட்டணத்தில் நாத்தனார் கல்யாணம். பார்லருக்கு அலைய நேரமில்லை என்று நகத்தின் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும் நெயில் பாலிஷ் ஸ்டிரிப்பை ஆன்லைனில் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாளே ஓரம் எழும்பிவிட்டது, தலை வாரினால் முடி மாட்டுகிறது. எரிச்சலில் பிய்த்து எறிந்தேன். இப்போது நகமெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. ஸ்டிரிப்பே மோசமா, நான் ஒட்டிய விதம் தப்பா? மருதாணியும் வைக்க வேண்டும், எதை முதலில் செய்வது?"

தர்மபுரியில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களின் கையைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும். ஸ்டிரிப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அது நகத்தைத் தொடுவதற்கு முன்பே காரியம் கெட்டுப்போயிருக்கும். ஈரம், எண்ணெய், சோப்புப் படிவு, இந்த மூன்றில் ஒன்று நகத்தில் மிச்சம் இருந்தாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டிரிப்பும் நிற்காது.

ஈரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. நகம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காகப் படிந்த தகடு அது. பாத்திரம் விளக்கி முடித்த கையில் நகம் சற்று உப்பி, இளகி இருக்கும். அப்போது ஒட்டினால் ஸ்டிரிப் கச்சிதமாக உட்காரும், நமக்கும் திருப்தியாக இருக்கும். அப்புறம் நகம் காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்கும். ஸ்டிரிப் அதோடு சேர்ந்து சுருங்காது. அந்த வித்தியாசம்தான் ஓரத்தில் மெல்லிய இடைவெளியாகத் தொடங்குகிறது. பார்லரில் கையை வெந்நீரில் ஊறவைத்துத்தானே மெனிக்யூர் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அது தோலை இளக்குவதற்காக. ஸ்டிரிப் ஒட்டப்போகிறீர்கள் என்றால் ஊறவைக்கும் வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஒட்டும் நாளில், கை தண்ணீரில் பட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

அடுத்து எண்ணெய். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், தினமும் காலையில் பிள்ளைக்குத் தலை பின்னுவது, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பது என்று நம் வீட்டுப் பெண்களின் நகத்தில் எண்ணெய் ஏறாத நாள் கிடையாது. "சோப்பு போட்டுக் கழுவிவிட்டேனே" என்பார்கள். இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் வேலையைக் காட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். வாளி ஓரத்தில் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு நகத்திலும் படியும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். போர் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது என்றாலும், குடிக்க அந்தத் தண்ணீர், புழங்க போர் தண்ணீர் என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதனால் கை கழுவிய பின் கடைசி அலசலை மட்டும் ஒரு சொம்பு குடிநீரில் செய்யுங்கள்.

நகம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் ஆல்கஹால் ஸ்வாப்பால் துடையுங்கள். ஊசி போடும் முன் நர்ஸ் துடைப்பாரே, அதுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் இருப்பது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சீக்கிரம் ஆவியாகி நகத்தைச் சுத்தமாக விடும். ஸ்டிரிப் பாக்கெட்டிலேயே ஒரு துடைப்பான் வரும். பத்து விரலுக்கு அது போதாது, நாலாவது விரலிலேயே காய்ந்துபோகும். சானிடைசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கை வறண்டுவிடாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது படலமாக நின்றுவிடும். பாதாம் எண்ணெய், விட்டமின் ஈ கலந்த வாசனை ரிமூவர்களும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு முன்னால் ஏறி வரும் மெல்லிய தோலையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மரக்குச்சியால் மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும். அதைப் போய் வெட்டாதீர்கள். நகத்துக்கும் விரலுக்கும் நடுவே கிருமி இறங்காமல் மூடிவைத்திருப்பது அந்த இடம்தான். வெட்டிவிட்டுப் பாத்திரத்துக்குக் கை வைத்து, நகச்சுத்தி வந்து வீங்கிய விரலோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் வாங்கியது எந்த வகை என்று எழுதவில்லை. தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் ஒட்டுவதும் எடுப்பதும் வகைக்கு வகை மாறும். ஒன்று, நெயில் பாலிஷாலேயே ஆனது. அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு மூன்றையும் படலமாக இழுத்து, முக்கால்வாசி காயவிட்டு, காற்றுப் புகாத உறையில் அடைத்திருப்பார்கள். உறையைக் கிழித்ததும் பாலிஷ் வாசனை வரும். கலர் ஸ்ட்ரீட், இன்கோகோ கம்பெனிகளுடையது எல்லாம் இந்த வகை. இன்னொன்று வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஸ்டிக்கர். ஃபேன்சி ஸ்டோரில் அட்டையோடு தொங்குவது பெரும்பாலும் இதுதான். பின்னால் பசை இருக்கும், ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி அழுத்த வேண்டும். மூன்றாவது ஜெல் ஸ்டிரிப். கொரியாவின் ஓஹோரா போன்றவர்கள் பிரபலமாக்கியது. பாதி இறுகிய நிலையில் வரும், ஒட்டிய பிறகு புற ஊதா விளக்கில் காட்டினால்தான் முழுசாக இறுகும். அட்டையில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டை ஸ்டீல் தட்டில் வைத்து ஒரு சொட்டு அசிட்டோன் (நெயில் பாலிஷைக் கரைக்கும் திரவம்) விடுங்கள். கரைந்து நிறம் ஓடினால் அது பாலிஷ். அப்படியே கிடந்தால் வினைல். பிளாஸ்டிக் தட்டில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், சில வகைத் தட்டு கரைந்துவிடும்.

முதல் தடவை வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு நான் பாலிஷ் வகையைத்தான் சொல்வேன். மெல்லிசாக இருப்பதால் நகத்தின் வளைவுக்கு இழுத்து உட்காரவைக்கலாம், எடுப்பதும் சுலபம். ஆனால் அதற்குச் சூடு ஆகாது. சித்திரை, வைகாசியில் தகர ஷீட் வீட்டிலோ ஸ்கூட்டி டிக்கியிலோ வைத்தால் மிச்சமிருக்கும் கரைப்பானும் ஆவியாகி, ஒட்டும்போது அப்பளம் போல உடையும். நிழலான அலமாரியில் வையுங்கள். உறையைத் திறந்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. மிச்சம் வைக்க வேண்டுமென்றால் உறையை மடித்து, முடி நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரால் ஓரத்தை ஒரு நொடி அழுத்தினால் பல உறைகள் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரில் ஸ்டிரிப் விறைத்துக்கொண்டு வளையாது. உறையோடு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்துவிட்டுப் பிரியுங்கள்.

ஒட்டும்போது பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அளவு. நகத்தை முழுசாக மூட வேண்டும் என்ற ஆசையில் ஒரு அளவு பெரியதாக எடுத்துவிடுவார்கள். ஓரம் தோல் மேல் ஏறினால் போச்சு. தோல் அசையும், வியர்க்கும், எண்ணெய் விடும். அங்கிருந்துதான் எழும்பத் தொடங்கும். இரண்டு அளவுக்கு நடுவில் குழப்பம் வந்தால் சின்னதையே எடுங்கள். அடித்தோலிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு முடி கனம் இடைவெளி விட்டு வையுங்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. நடுவில் அழுத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் தடவிக்கொண்டே போங்கள். சுருக்கம் விழுந்தால் மேலேயே அழுத்தித் தேய்க்காமல், அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி லேசாக இழுத்துத் திரும்ப வையுங்கள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலைக் கடைசியில் செய்வது வசதி. மற்ற விரல்களுக்கு அழுத்தம் கொடுக்க இரண்டு கட்டைவிரலும் வேண்டுமே. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கையால் வலக்கைக்கு ஒட்டும்போது பொறுமை போய்விடும், அதற்கு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நுனியில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், கீழே மடித்து நகம் தேய்க்கும் ஃபைலால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள், தானே அறுந்து வரும். ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் நுனி பிசிறடிக்கும். முடி மாட்டுகிறது என்று சொன்னீர்களே, அது இந்தப் பிசிறில்தான். பிறகு நுனியின் விளிம்பிலும் சேர்த்து ஒரு மெல்லிய டாப் கோட் (மேல்பூச்சு) தடவுங்கள். பாலிஷ் ஸ்டிரிப்புக்கு டாப் கோட் தேவையில்லை என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். நம் கை செய்கிற வேலைக்குத் தேவை. ராத்திரி அடுப்படி வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒட்டுவதே நல்லது, விடிகிறவரை தண்ணீர் படாது.

எத்தனை நாள் நிற்கும்? பாக்கெட்டில் பத்து நாள், இரண்டு வாரம் என்று இருக்கும். கம்பி நாரால் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மல்லியும் கனகாம்பரமும் தொடுக்கும் கையில் ஐந்தாறு நாள் அழகாக நின்றால் நல்ல வேலை என்பேன். சூடான ராகிக் களியைக் கையால் உருட்டும் வீடுகளில் வினைல் ஸ்டிக்கர் இன்னும் சீக்கிரம் வழுக்கும், ஏனென்றால் அந்தப் பசையே சூட்டில் இளகுவது. புளி தட்டும் வேலை இருந்தால் கைக்கு விட்டுவிட்டுக் காலுக்கு ஒட்டிக்கொள்ளலாம். தைப்பூசத்தில் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேரைப் பெண்கள்தான் வடம் பிடித்து இழுப்பார்கள். அந்த வாரம் யாராவது ஸ்டிரிப் ஒட்டச் சொல்லி வந்தால் தேர் முடியட்டும் என்று அனுப்பிவிடுவேன். உங்கள் வீட்டுக் கல்யாணமும் தையில் என்பதால் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாங்கூழ் ஃபேக்டரிக்கோ ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்கள் முதலில் சூப்பர்வைசரைக் கேளுங்கள். உணவைக் கையாளும் இடத்தில் நகப்பூச்சே கூடாது, ஸ்டிரிப்பும் அதில் சேர்த்திதான். தொழுகைக்கு உளூ செய்யும் சகோதரிகள், நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால், இதை விட்டு மருதாணியோடு நின்றுகொள்வதையும் பார்க்கிறேன். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போகிறவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி அடர்நிறப் பூச்சின் வழியே தப்பாகக் காட்டலாம், நகத்தின் நிறத்தையும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெல் ஸ்டிரிப் பற்றி ஒரு எச்சரிக்கை. இறுகாத ஜெல்லில் உள்ள அக்ரிலேட் வகைப் பொருட்கள் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம். அரிப்பு, விரல் நுனியில் வெடிப்பு, சில சமயம் கண் இமையில் கூட வீக்கம். ஒரு முறை வந்தால் ஆயுசுக்கும் நிற்கும் ஒவ்வாமை அது. பிற்காலத்தில் பல் அடைக்கும் பொருளில் கூடத் தொல்லை கொடுக்கலாம். அதனால் ஜெல் ஸ்டிரிப் தோலைத் தொடவே கூடாது. விளக்கும் அந்தப் பாக்கெட்டுக்குச் சொன்ன விளக்காகவே இருக்கட்டும், சொன்ன நேரம் முழுக்கக் காட்டுங்கள். வீட்டு டியூப் லைட்டில் இது இறுகாது, ஆனால் ஜன்னல் வெயிலில் பிரித்து வைத்தால் ஒட்டுவதற்கு முன்பே இறுகிவிடும். டிபிஓ (TPO, Trimethylbenzoyl Diphenylphosphine Oxide) என்று சுருக்கமாகச் சொல்லும், ஒளி பட்டதும் ஜெல்லை இறுக்குகிற ஒரு பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. பாக்கெட்டில் உள்ள பட்டியலில் அது இருந்தால் வேறு வாங்குங்கள். விலை குறைவு என்று பட்டியலே இல்லாமல் விற்பதை நான் தொடுவதில்லை.

இனி உங்கள் வெள்ளை நகத்துக்கு வருகிறேன். ஸ்டிரிப்பைப் பிய்க்கும்போது அதோடு சேர்ந்து நகத்தின் மேலடுக்கும் செதில் செதிலாக வந்துவிட்டது. நோய் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் தடவி ஆற்றவும் முடியாது, ஏனென்றால் நகத்தகடு உயிருள்ள திசு கிடையாது. வளர்ந்து வெளியே வந்தால்தான் உண்டு. கைநகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். கல்யாணத்துக்குள் பாதியாவது முன்னேறட்டும் என்றால் இப்போதே குட்டையாக வெட்டிவிடுங்கள், தினமும் படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை எதையும் ஒட்டாதீர்கள். மழமழப்பாக்குகிறேன் என்று ஃபைலால் மேலே தேய்த்தால் இன்னும் மெலியும். பச்சை நிறம் தெரிந்தாலோ நகம் சதையிலிருந்து விட்டுக்கொண்டு வந்தாலோ மட்டும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எழும்பிய ஸ்டிரிப்பின் அடியில் தண்ணீர் தேங்கினால் பாக்டீரியாவால் அப்படிப் பச்சை பிடிப்பது உண்டு. ஓரம் எழும்பியதும் உடனடிப் பசை விட்டு ஒட்டுகிறார்களே, அதைச் செய்யவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிற வேலை அது.

எடுக்கும் முறை இது. பாலிஷ் வகை என்றால் பஞ்சில் அசிட்டோன் நனைத்து நகத்தின் மேல் இருபது நொடி அழுத்திப் பிடித்து, அப்புறம் நுனியை நோக்கி ஒரே இழுப்பில் துடையுங்கள். மினுமினுப்புத் துகள் உள்ளது அவ்வளவு சீக்கிரம் வராது. பஞ்சின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிச் சில நிமிடம் விட வேண்டும். வினைலுக்கு அசிட்டோன் உதவாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைத்திருந்து, ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, மரக்குச்சியை நுழைத்துப் பக்கவாட்டிலிருந்து நகர்த்துங்கள். ஜெல்லுக்கு அதற்கென்று விற்கும் ரிமூவரை ஓரத்தில் விட்டு ஊறவிட்டு, அதே குச்சி. எதுவானாலும் நகத்துக்குப் படுகிடையாக நகர்த்த வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் நகமும் கூடவே வரும். அசிட்டோன் விஷயத்தில் ஒன்று: அதன் ஆவி மிகச் சுலபமாகத் தீப்பிடிக்கும், குளிரிலும் கூட. கேஸ் அடுப்பு எரிகிற இடத்திலோ சாமி விளக்கு ஏற்றிய அறையிலோ உட்கார்ந்து எடுக்காதீர்கள்.

மருதாணியா, ஸ்டிரிப்பா, எது முதலில்? மருதாணிதான். ஸ்டிரிப்பை முதலில் ஒட்டிவிட்டு மருதாணி வைத்தால் வெளிர் நிறங்கள் எல்லாம் அழுக்கு ஆரஞ்சாகிவிடும். அதோடு மருதாணி கலக்கும்போது விடும் நீலகிரித் தைலம், காய்ந்த பின் தடவும் எண்ணெய் இரண்டுமே ஸ்டிரிப்புக்கு எதிரி. மருதாணியின் நிறம் கெரட்டினோடு பிணைந்துகொள்வது. சுரண்டி எடுத்த பிறகும் ஒன்றிரண்டு நாளில் இன்னும் கறுத்துச் சிவக்கும். அந்த இரண்டு நாளை அதற்குக் கொடுத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி நகத்தை மட்டும் ஸ்வாப்பால் துடைத்து ஒட்டுங்கள். உள்ளங்கை மருதாணியில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நலங்கு அதற்கு முன்பே முடிந்திருந்தால் நல்லது. மஞ்சள் வெளிர் நிறத்தில் உடனே ஏறும். ஏறிவிட்டால் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துச் சோப்பு போடுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சள் வெயிலில் தானே வெளுக்கும்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிவந்த மருதாணிக் கைக்கு நீலமும் பச்சையும் எனக்குப் பிடிப்பதில்லை. அடர் மெரூன், செம்பு, அல்லது நிறமே இல்லாமல் ஓரத்தில் மட்டும் தங்கக் கோடு இருந்தால் பட்டுப் புடவையோடு சேர்ந்து நிற்கும். நாத்தனாருக்குக் கால்நகத்துக்கும் ஒட்டிவிடுங்கள். கால்நகம் கைநகத்தின் பாதி வேகத்தில்தான் வளரும், பாத்திரமும் விளக்காது, அதனால் மெட்டி போட்ட விரலில் மறுவீடு வரை அப்படியே இருக்கும். கைக்கு ஒட்டியது போக மிஞ்சிய அளவுகளை, உறையை நன்றாக மூடி, சின்ன ஃபைலோடு கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப் போங்கள். தாரை வார்க்கும்போதோ பந்தியிலோ ஒரு நகத்தில் எழும்பிவிட்டால் பெண்ணின் அறையில் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், ஒட்டுவதற்கு முன் கையை நன்றாகக் காயவிட்டு.